சின்னத்தையும் பப்பாளிப் பாலும்

எங்கள் தோட்டத்துச் சாளைக்கு வெடியால நேரத்தில் ஒரு தனி வாடை உண்டு. சாணி தெளித்த வாசல், விறகடுப்புப் புகை, ஆத்தா வடிகட்டி மூடி வைத்திருக்கும் கொத்தமல்லிக் காப்பி, இதெல்லாம் அக்கம்பக்கத்துச் சாளைகளிலும் இருந்ததுதான். எங்களுடையதில் இவற்றுக்கு நடுவே புளிப்பும் காரமுமாக, மூக்கின் உள்ளே லேசாகச் சுரண்டுகிற இன்னொன்றும் ஊடாடிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் என் தலைமுடியை முகர்ந்துவிட்டு, “என்னடி இது, மோரைக் கொட்டிக்கிட்டயா?” என்று கேட்பார்கள். மோரில்லை, பப்பாளிப் பால். பழுத்த பப்பாளியின் மணத்தை வைத்து அந்த வாடையை யாரும் யூகிக்க முடியாது. பழம் இனிப்பாக, சற்று மந்தமாக மணக்கும். பச்சைக் காயின் பாலோ விறுவிறுவென்று மூக்கில் ஏறும். உலர உலர இன்னும் கனத்து, ஓட்டுக்கூரைக்குக் கீழேயே தங்கிவிடும்.

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, திருமூர்த்தி மலை நீலமாகத் தெரிகிற தூரத்தில் தோட்டம். வாய்க்கால் தண்ணீர் முறை வைத்து வரும். அப்பாரு அதுவரை பருத்தியும் சோளமும் போட்டு வந்தவர். பொடக்காணியில் குப்பைக்குழி ஓரம் தானாக முளைத்த ரெண்டு மரத்தைத் தவிரப் பப்பாளியோடு அவருக்குப் பெரிய பழக்கமில்லை. கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் பாலுக்கென்றே கோ 5 என்ற ரகத்தை 1985-இல் வெளியிட்டிருந்த சமயம் அது. ஒரு கம்பெனிக்காரர் ஜீப்பில் வந்து ஆசாரத்தில் உட்கார்ந்து, காப்பியை ஆறவிட்டுவிட்டு மணிக்கணக்காகப் பேசினார். பாலுக்கு ஒரு காசு, கீறின காய்க்கு ஒரு காசு என்று அவர் சொன்னதும் அப்பாரு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். எங்கள் வீட்டில் அதற்கு ‘சரி’ என்று அர்த்தம். ரெண்டு ஏக்கராவில் கன்று வைத்தோம்.

பால் எடுப்பு விடிந்தும் விடியாததுமாகத் தொடங்கி, வெயில் சுள்ளென்று ஏறுவதற்குள் முடிந்துவிட வேண்டும். குளிர்ச்சியில்தான் பால் தாராளமாக இறங்கும். பத்து மணிக்கு மேல் போனால் கீறின இடத்திலேயே முத்து முத்தாக நின்று கெட்டிப்பட்டுவிடும். காய் பிடித்து இரண்டரை, மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும். மரத்திலிருந்து பறிக்கக் கூடாது, தொங்குகிறபடியே கீற வேண்டும். மேலிருந்து கீழாக நாலு கோடு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம், அதற்கு மேல் போனால் சதையில் இறங்கிக் காய் அழுகும். மூன்று நாலு நாள் விட்டு, பழைய கோடுகளுக்கு நடுவே தொடாத இடம் பார்த்து மறுபடி கீறுவார்கள். ஒரு காய்க்கு இப்படி நாலு தடவை.

இந்த வேலையில் என் சின்னத்தையை மிஞ்ச ஆளில்லை. அப்பாவின் கடைசித் தங்கை. எனக்கு நினைவு தெரிந்தபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. பாவாடையைத் தூக்கிச் செருகி, அப்பாருவின் பழைய முழுக்கைச் சட்டையை மேலே மாட்டி, தலைக்கு ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு வரிசையில் இறங்கினாரென்றால் கூலிக்கு வந்தவர்கள் பாதி தூரம் வருவதற்குள் அவர் மறுகோடியில் நிற்பார். கையில் மூங்கில் குச்சி, அதன் நுனியில் வரிந்து கட்டிய துருப்பிடிக்காத பிளேடு. இடது கையால் காயைத் தாங்கி, வலது கையால் கோடு போட்ட சத்தம்கூடக் கேட்காது. ஒரு நொடி பச்சைத் தோல் சும்மா இருக்கும். பிறகு கோட்டின் தலையிலிருந்து வெள்ளை வெளேரென்று துளிகள் கிளம்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, காயின் வளைவில் வழிந்து, அடியில் மரத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும் அலுமினியத் தட்டில் பொத்துப் பொத்தென்று விழும். அந்தச் சத்தத்துக்காகவே நான் தூக்கத்தை விட்டு எழுந்து போவேன். “தோலு மட்டும் அழுவோணும் அம்முணி, சதை அழுவப்படாது” என்பார் அத்தை, கண்ணைக் காயிலிருந்து எடுக்காமலே.

எனக்குக் கொடுத்த வேலை, காயில் ஒட்டிக் கெட்டியான பாலைச் சுரண்டித் தட்டில் சேர்ப்பது. சுரண்டுவதற்கு மூங்கில் சிம்பு. இரும்பு, பித்தளை, செம்பு எதுவும் பாலுக்குப் பக்கத்தில் வரக் கூடாதென்று அப்பாரு கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆத்தாவின் செப்புக்குடம்கூட அன்றைக்கு அந்தப் பக்கம் வராது. பட்டால் பால் கறுத்துப்போகும், கம்பெனியில் வீரியமில்லை என்று கழித்துவிடுவார்கள், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். பின்னாளில் உயிர்வேதியியல் படித்தபோது அதன் காரணம் கிடைத்தது. அந்தப் பாலில் உள்ள பப்பேன் என்ற நொதி 212 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். அதில் 25-ஆவது இடத்தில் கந்தகம் தாங்கிய ஒரு அமினோ அமிலம் இருக்கிறது. மற்ற புரதங்களை நறுக்குகிற முனை அதுதான். உலோகம் பட்டால் அந்தக் கந்தகம் பிடிபட்டுப்போகிறது, முனை மழுங்குகிறது. பிரான்ஸில் வூர்ட்ஸ் என்ற வேதியியலாளரும் அவருடைய சகாவும் இதற்குப் பப்பேன் என்று பேர் வைத்தது 1879 வாக்கில். அப்பாருவுக்கு வூர்ட்ஸையும் தெரியாது, கந்தகத்தையும் தெரியாது. செப்புக்குடத்தை மட்டும் ஒருநாளும் உள்ளே விட்டதில்லை.

கைக்கு முன்கூட்டியே தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வோம். தடவினாலும் விரலிடுக்கில் எங்கேயாவது ஒரு சொட்டு புகுந்துகொள்ளும். முதலில் ஒன்றும் தெரியாது. சாளைக்கு வந்து இட்லிக்குத் தொட்டுக்கொள்கிறபோது அந்த இடம் சுரீரென்று எரியும். மறுநாள் தோல் வெளிறி, சுருங்கி, மெல்லிசாக உரிந்து வரும். சின்னத்தையின் விரல் நுனிகள் வருசம் முழுக்க அப்படித்தான் இருந்தன, வழவழவென்று, இளஞ்சிவப்பாக. எனக்கு ஜடை போடும்போது முடி அந்த நுனிகளில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும், அவர் எச்சில் தொட்டுத் தொட்டுப் பின்னுவார்.

சேர்த்த பாலைக் குண்டாவில் ஊற்றி, கம்பெனி கொடுத்த வெள்ளைப் பொடியைக் கொஞ்சம் கலப்பார்கள். பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் என்று டப்பாவின் மேல் எழுதியிருக்கும். நான் அதை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டி எல்லோரிடமும் பெயர் வாங்கினேன். திறந்ததும் தீக்குச்சி கிழித்த வாடை குப்பென்று வரும். பிறகு தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி, சாளைக்குப் பின்னால் கட்டியிருந்த சின்ன அறையில் இளஞ்சூட்டில் உலர்த்துவது. வெட்டவெளி வெயிலில் போட்டால் வேலை சுலபம்தான், ஆனால் பழுப்பேறிப்போகும், வீரியம் இறங்கும். ஐம்பது, ஐம்பத்தைந்து டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளச் சுவரில் ஒரு வெப்பமானி தொங்கும். உலர்ந்தது பொருபொருவென்று உதிரும். அதை இடித்துச் சலித்தால் வெளிறிய மாவு. சலிக்கிற நாளில் ஆத்தா எங்களை அந்த அறைப் பக்கமே விடமாட்டார். தானும் முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார். அந்த மாவை மூச்சில் இழுத்துப் பழகிய தொழிலாளர்களுக்கு இளைப்பு நோய் வருவதை மருத்துவர்கள் பல நாடுகளில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பிற்பாடு படித்தபோது, ஆத்தாவின் அந்த முந்தானை எனக்கு எவ்வளவு பெரிய காரியமாகப் பட்டது தெரியுமா?

கீறல் விழுந்த காய்களை யாரும் சந்தையில் வாங்கமாட்டார்கள். உடம்பெல்லாம் கோடு கோடாகத் தழும்பேறிக் கிடக்கும். அவை லாரியில் ஏறி டூட்டி ஃப்ரூட்டி போடுகிற இடத்துக்குப் போகும். அங்கே தோல் சீவி, பொடிப்பொடியாக நறுக்கி, வேகவைத்து, சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டு, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சாயமேற்றிவிடுவார்கள். உடுமலை பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பேக்கரியில் அப்பா வாங்கித் தரும் பன்னில் அந்தத் துண்டுகள் இருக்கும். நான் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து, இது எந்த வரிசைக் காயாக இருக்கும் என்று அத்தையிடம் கேட்பேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “கெணத்துமேட்டு வரிசை” என்று கொஞ்சமும் தயங்காமல் சொல்வார். நான் நம்பினேன்.

மாரியாத்தா நோம்பிக்குக் கெடா வெட்டுவார்கள். முத்தின கெடாவாக இருந்துவிட்டால் கறி வேகிறபாடு இல்லை. அன்றைக்கு ஆத்தா பொடக்காணிக்குப் போய் ஒரு பச்சைப் பப்பாளிக்காயில் தோலோடு ஒரு துண்டை அறுத்து வந்து, அம்மியில் நசுக்கி, மஞ்சளும் உப்பும் சேர்த்துக் கறியில் பிசிறி வைப்பார். நீண்ட நேரம் வைக்கவும் மாட்டார். வைத்தால் கறி மாவாகக் கரைந்துபோகும். அடுப்பில் சூடேற ஏறப் பாலின் வேலை இன்னும் மும்முரமாகும், கொதி வந்ததும் அடங்கிவிடும். கொதிக்கிற சூட்டில் நொதி செத்துப்போகிறது. ஒருமுறை எனக்குக் காட்டுவதற்காக ஆத்தா ஒரு துண்டுக் கறியை வட்டலில் தனியாக வைத்து, அதன்மேல் நாலு சொட்டுப் பாலை விட்டார். நாங்கள் இருவரும் திண்ணையில் உட்கார்ந்து அதையே பார்த்தோம். சிவப்பாக இருந்த மேல்பரப்பு மெல்ல வெளுத்தது, நாரின் ஓரங்கள் நைந்து தளர்ந்தன, விரலால் தொட்டபோது கொழகொழவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்: “ஆத்தா, நம்ம வவுறும் கறிதானே? பப்பாளிக்காப் பொரியல் தின்னா நம்மளையும் இப்படி ஆக்கிப்போடாதா?”

ஆத்தா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். “உள்ளார வழவழன்னு ஒண்ணு பூசி வெச்சிருக்குது சாமி. அது இருக்கறமுட்டும் ஒண்ணும் ஆவாது” என்றார். ஆட்டுக் குடலைக் கழுவிக் கழுவிக் கை பழகியவர். அந்த வழவழப்பை அவர் ஆயிரம் தடவை தொட்டிருக்கிறார்.

என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தை நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வரும். குடலின் உள்சுவரில் இருப்பது ஒரே ஒரு அடுக்கு செல். ஒன்றோடொன்று நெருக்கிக் கைகோத்து நிற்கிற அந்த ஒற்றை அடுக்குதான் வெளியுலகத்துக்கும் நம் ரத்தத்துக்கும் நடுவே உள்ள மொத்த வேலி. மூன்றிலிருந்து ஐந்து நாளைக்குள் பழையவை உதிர்ந்து புதியவை ஏறிவிடுகின்றன. அவற்றின் மேல் சளிப்படலம்; பெருங்குடலில் அது இரண்டடுக்கு, உள்ளடுக்குக்குக் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் வந்து சேர முடியாது. இத்தனை காவல் போதாதென்று கணையம் இன்னொரு ஜாக்கிரதையும் செய்கிறது. புரதம் நறுக்கும் டிரிப்சினை அது உறையிலிட்ட கத்தியாகத்தான் அனுப்புகிறது; சிறுகுடலுக்குள் வந்த பிறகு அங்கிருக்கும் வேறொரு நொதிதான் உறையைக் கழற்றுகிறது.

பப்பாளி மரமும் இதையேதான் செய்கிறது என்று தெரிந்த நாளில் எனக்கு உட்காரவே முடியவில்லை. காய்க்குள், தண்டுக்குள், இலைக்குள் பால் ஓடும் குழாய்களில் பப்பேன் உறையோடுதான் கிடக்கிறது. காயம் பட்டுப் பால் வெளியே வந்த சில நிமிடங்களில்தான் உறை கழன்று வேலைக்கு வருகிறது. யாருக்காக அந்தக் கத்தி? ஜப்பானில் 2004-இல் வெளியான ஓர் ஆய்வு அதைச் சொன்னது. ஆமணக்கு இலை தின்கிற எரிப் பட்டுப்புழுவுக்குப் பப்பாளி இலையைப் போட்டார்கள், புழுக்கள் செத்தன. அதே இலையைக் கீற்றுக் கீற்றாக நறுக்கிப் பாலைக் கழுவிவிட்டுப் போட்டார்கள், தின்று கொழுத்தன. மரம் தன் பிழைப்புக்காக வைத்திருந்ததைத்தான் நாங்கள் தினமும் காலையில் தட்டுத் தட்டாகக் கறந்திருக்கிறோம்.

சின்னத்தைக்கு வயிற்றில் கோளாறு தொடங்கியது எந்த மாசமென்று சொல்லத் தெரியவில்லை. வரிசையின் நடுவில் குச்சியைக் கீழே வைத்துவிட்டு அவசரமாகக் கொல்லைப் பக்கம் போவார். திரும்பி வரும்போது முகம் வேர்த்திருக்கும். பிறகு அது ராத்திரியிலும் வந்தது. ஆசாரத்தில் அவருக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் நான், தாழ்ப்பாள் சத்தத்தில் விழித்து, லாந்தர் வெளிச்சம் பொடக்காணியில் அசைவதைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். ரத்தமும் சீதமுமாகப் போகிறதென்று அம்மா ஆத்தாவிடம் குசுகுசுத்தது காதில் விழுந்தது. சீதபேதி என்றார்கள். மாதுளம்பழத் தோல், சுண்டைவற்றல், மோரில் வெந்தயம், எல்லாம் ஆயிற்று. டவுனில் கொடுத்த அமீபா மாத்திரையில் வாய் கசந்ததுதான் மிச்சம். சட்டைக்குள் ஆள் சுருங்கிக்கொண்டே வந்தார். பெண் பார்க்க வருவதாக இருந்தவர்களுக்கு அப்பாரு ஏதோ சாக்குச் சொல்லி அனுப்பினார்.

அந்தச் சமயத்தில்தான் உறவுக்காரப் பெரியவர் ஒருவர் வந்தார். நல்ல மனுசர், எங்கள் எல்லோர்மேலும் பிரியமுள்ளவர். கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தபடியே, “ஊட்டுலயே மருந்த வெச்சுக்கிட்டு எங்கியோ தேடறீங்களே! பப்பாளிப் பால் வவுத்துப் பூச்சிக்குக் குடுக்கறதுதான? தேன்ல நாலு சொட்டு கொழப்பிக் குடுங்க, எல்லாத்தையும் அரிச்சு எடுத்துப்போடும்” என்றார். வயிற்றுப் பூச்சிக்கு அப்படிக் கொடுக்கிற வழக்கம் உண்டு. அப்பாருகூட யோசனையோடு பால் அறைப் பக்கம் பார்த்தார். ஆத்தா அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். பெரியவர்களுக்கு முன்னால் உரத்துப் பேசாத ஆத்தா, அன்றைக்குச் சின்னத்தையின் கையை இழுத்து, உரிந்த விரல் நுனிகளை அவர் கண்ணுக்கு நேரே காட்டினார். “நல்ல தோலே இப்பிடிப் போவுதுங்க. உள்ளார புண்ணாக் கெடக்கறபோது அதுமேல ஊத்தச் சொல்றீங்களா? அந்த வழவழப்பே அவளுக்குத் தேஞ்சுபோச்சுங்கொ.”

அத்தைக்கு இருந்தது பெருங்குடல் அழற்சி. கோயமுத்தூரில் ஒரு மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னார். பெருங்குடலின் உள்சுவர் தன் உடம்பின் படையாலேயே தாக்கப்பட்டு, சிவந்து, புண்ணாகிக் கிடக்கும் நோய். இளம் வயதில்தான் பெரும்பாலும் தலைகாட்டும். இந்த நோயாளிகளின் குடலில் அந்தச் சளிப்படலம் மெலிந்துபோகிறது, நுண்ணுயிரிகள் செல்களை நேராகத் தொட்டுவிடுகின்றன என்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆத்தாவுக்கு எந்த நுண்ணோக்கியும் தேவைப்படவில்லை. இன்றைக்கும் யாராவது என்னிடம் வந்து, செடிகொடியில் இருந்து வருவதுதானே, குடலுக்கு நல்லதுதானே என்று நொதி மாத்திரையைக் காட்டிக் கேட்டால், நான் ஆத்தா அன்றைக்குப் பிடித்துக் காட்டிய அந்தக் கையைத்தான் சொல்கிறேன்.

சல்பாசலசின் மாத்திரை, கூடவே ஸ்டீராய்டு. அத்தையின் முகம் வட்டமாக உப்பியது. ரத்தம் நின்றது. நின்ற மாசங்களில் ஆத்தா பப்பாளிக்காயை நன்றாக வேகவிட்டு, பாசிப்பயறும் தேங்காயும் போட்டுக் கூட்டு வைத்துக் கொடுப்பார். வெந்த காயில் நொதி ஏது? அதில் இருந்தது நார்தான். அந்த நாரைப் பெருங்குடலின் நுண்ணுயிரிகள் நொதிக்கவைத்துப் பியூட்டிரேட் என்றொரு சிறு அமிலத்தைச் செய்கின்றன, குடல் செல்கள் அதைத்தான் பிரதானமாகத் தின்று வாழ்கின்றன. நோய் மறுபடி கிளம்புகிற நாட்களில் அந்தக் கூட்டும் ஆகாது, குழைந்த சோறும் நீர்மோரும் மட்டும். இது எப்போது, அது எப்போது என்று அத்தையின் முகத்தைப் பார்த்தே ஆத்தா முடிவு செய்துவிடுவார்.

அன்னாசியில் இருக்கும் புரோமெலைனும் பப்பேனின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதை வைத்து நடந்த எலி ஆய்வுகளை நான் ஆசையாகப் பின்தொடர்ந்து வந்திருக்கிறேன். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் குடல் அழற்சி வரும்படி வளர்த்த எலிகளுக்குப் பச்சை அன்னாசிச் சாற்றைக் கொடுத்தார்கள், அழற்சி தணிந்தது. கொதிக்கவைத்த சாற்றில் அந்தப் பலன் இல்லை. 2010-இல் வந்த முடிவு அது. உயிருள்ள நொதிதான் வேலை செய்திருக்கிறது, செல்களின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சில புரதங்களை நறுக்கி, படையை அழைக்கும் சேதியை அது குறைக்கிறதென்று சொல்கிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே அழகான சேதி. ஆனாலும் எலிக்கும் என் அத்தைக்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை யாராவது பொறுமையாக நடந்து முடிக்கும்வரை எந்த நோயாளியையும் மாத்திரையை நிறுத்திவிட்டு ஜூஸ் குடி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பப்பாளிப் பால் அத்தையின் குடலுக்கு வந்து சேர்ந்த வழி வேறு. முதுகலை படிக்கும்போது, ரோட்னி போர்ட்டர் 1959-இல் வெளியிட்ட கட்டுரையை நூலகத்தில் எடுத்தேன். லண்டனில் இருந்த அவர், ரத்தத்தில் நோயை எதிர்க்கும் எதிர்ப்பொருள் எப்படி இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தவர். அந்தப் பெரிய மூலக்கூறைச் சிதைக்காமல் துண்டாக்க அவருக்கு ஒரு கத்தி தேவைப்பட்டது. முயலின் எதிர்ப்பொருளை எடுத்து, பப்பேனைச் சொற்ப அளவு சேர்த்தார். சரியாக மூன்று துண்டாக விழுந்தது. இரண்டு துண்டுகள் எதிரியைக் கவ்வுபவை. மூன்றாவது தானாகவே படிகமாயிற்று. எதிர்ப்பொருளின் உருவம் உலகத்துக்கு வெளிச்சமானது அப்படித்தான், 1972-இல் எடல்மன் என்ற இன்னொரு விஞ்ஞானியோடு சேர்த்து நோபல் பரிசும் வந்தது. நான் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, பப்பேன், பப்பேன் என்று வாய்க்குள் சொல்லியபடி இருந்தேன். கிணற்றுமேட்டு வரிசை, அலுமினியத் தட்டு, தீக்குச்சி வாடை, எல்லாம் அந்தக் குளிர்ந்த நூலக அறைக்குள் வந்து நின்றன.

தோட்டத்தில் அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008-இல் கோயமுத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகத் தென்பட்டது. வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு அப்பியபடி தண்டு, இலை, காய் என்று ஏறி உறிஞ்சியது. புழுவைக் கொன்ற பால் இதை ஒன்றும் செய்யவில்லை. மல்பெரி, மரவள்ளி எதையும் அது விடவில்லை. 2010-இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து ஒரு துளியூண்டு குளவியை வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது. அதற்குள் அப்பா மரங்களை வெட்டித் தென்னை வைத்துவிட்டார். பால் அறை இப்போது உரமூட்டை வைக்கும் இடம்.

மாத்திரைகள் கைவிட்ட ஒரு கட்டத்தில் சின்னத்தைக்கு இன்ஃப்ளிக்சிமாப் ஏற்றலாம் என்று மருத்துவர் சொன்னார். அமெரிக்காவில் 1998-இல் குரோன் நோய் என்ற இன்னொரு குடல் அழற்சிக்கு முதலில் அனுமதி பெற்ற மருந்து. அதுவே ஒரு எதிர்ப்பொருள்தான். கவ்வுகிற நுனிகளை எலியிடமிருந்தும் மற்றதை மனிதரிடமிருந்தும் எடுத்துச் சேர்த்தது. குடலில் அழற்சித் தீயை மூட்டும் ஒரு புரதத்தை அது போய்ப் பிடித்துக்கொள்கிறது, தீ தணிகிறது, செல்கள் தங்கள் வேலியை மறுபடி கட்டிக்கொள்கின்றன. காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று முதலில் சோதித்தார்கள். பிறகு கையில் ஊசி குத்தி, பாட்டிலைத் தொங்கவிட்டு, இரண்டு மணி நேரம்.

நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போர்ட்டரின் கதையைச் சொன்னேன். எங்கே கவ்வுகிறது, எங்கே பிடி இருக்கிறது என்பது தெரிந்ததால்தான் இப்படி எலியையும் மனுசனையும் ஒட்டுப்போட்டு ஒரு மருந்து செய்ய முடிந்தது, அதைப் பிரித்துக் காட்டியது நம்ம பப்பாளிப் பாலுங்கத்தை, என்றேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நரை விழுந்த புருவம் மட்டும் மேலே போயிற்று.

“அந்த வெள்ளக்காரரு பாலை எங்கிருந்து வாங்குனாரு?”

“தெரியலீங்கத்தை. நம்ம காலத்துக்கு முந்தி. நம்ம தோட்டத்துது இல்லீங்.”

“கிலோவுக்கு என்ன வெலை குடுத்தாரு?”

கிலோக்கணக்கில் அவருக்குத் தேவைப்பட்டிருக்காது, ஒரு சோதனைக்கு நகக்கண்ணில் நிற்கிற அளவு போதும் என்றேன். அத்தை கண்ணைத் திறந்துவிட்டார். நகக்கண்ணளவுக்கு அந்த வேலையா என்று கேட்டார். அப்படியானால் ஒரு சீசனுக்கு நாங்கள் மூட்டை கட்டிய மாவு எத்தனை சோதனைக்கு ஆகியிருக்கும் என்று தன் வழவழப்பான விரல்களை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தார். நடுவிலேயே அதை விட்டுவிட்டு, ஈரம் இருக்கிறதென்று சொல்லிச் சொல்லி எங்களுக்கு எடையில் கழித்ததையும், கடைசி வருசத்து லாரி வாடகைக்கு அப்பாரு கேட்டுக்கொண்டே இருந்ததையும், யார் யார் எந்த வரிசையில் பாலைச் சிந்தினார்கள் என்பதையும் பேர் பேராகச் சொல்லத் தொடங்கினார். செவிலிப் பெண் வந்து பாட்டில் முடிந்துவிட்டதென்று ஊசியைக் கழற்றியபோது, நாங்கள் இன்னும் வடக்கு வேலி வரிசையைத் தாண்டியிருக்கவில்லை.